அரசாணையால் எடுக்க முடியாதது

அரியலூர் மாவட்டம் 2001 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தது. 2002 மார்ச் 31-ஆம் தேதி கலைக்கப்பட்டுப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பர் 23-ஆம் தேதி மறுபடியும் தனி மாவட்டமானது. ஏழு வருஷத்துக்குள் ஆட்சியர் அலுவலகத்துப் பெயர்ப்பலகை ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது.

ஊர் மக்களுக்கு அது பேருந்துச் செலவுக் கணக்கு. ஜெயங்கொண்டத்துக்காரர் ஆட்சியரைப் பார்க்க அரியலூரோடு நிற்கலாமா, பெரம்பலூர் வரை போக வேண்டுமா என்பதே அவருக்குக் கேள்வி. அலுவலகத்தில் இருந்த எங்களுக்கு அது பணிமூப்புக் கணக்கு. வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளர், உதவியாளர் பதவிகளுக்கு மாவட்டம்தான் அலகு. மாவட்டம் பிரிந்தால் பட்டியலும் பிரியும். சேர்ந்தால் இரண்டு பட்டியலையும் பின்ன வேண்டும். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் துணை வட்டாட்சியர் ஆகிவிட, மற்றவர் உதவியாளராகவே உட்கார்ந்திருப்பது இப்படித்தான் நேர்கிறது.

மாவட்டம் உண்டானதும் கலைந்ததும் அரசாணையால். அரியலூரில் இருந்த எங்கள் சங்கக் கிளை எந்த அரசாணையிலும் உண்டாகவில்லை. அதனால் எந்த அரசாணையிலும் கலையவும் இல்லை. மாவட்டம் கலைந்த மாதத்திலும் செயற்குழு கூடியது, சந்தா வசூலானது. 'மாவட்டக் கிளை' என்று அச்சடித்து வைத்திருந்த ரசீதுப் புத்தகத்தில் 'மாவட்ட' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மிச்சத் தாளையெல்லாம் தீர்த்தோம்.

குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகவும் தட்டச்சராகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் இந்த இரண்டு மாவட்டத்திலும் வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஓய்வு பெற்ற ஒரு கிளைப் பொருளாளன் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அரசாணை கொடுத்ததை இன்னொரு அரசாணை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒருவருக்கொருவர் செய்து பழகியதை எடுக்க அதனால் ஆகாது.

திருச்சிக்குப் போகிறவர்

1995-இல் திருச்சி மாவட்டம் பிரிந்து கரூரும் பெரம்பலூரும் தனியாகும் வரை எங்களுக்குத் தலைமை அலுவலகம் திருச்சிராப்பள்ளிதான். அரியலூர்க்காரர்களுக்காவது விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் ரயில் உண்டு. பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, இன்றைக்கும் கிடையாது. சென்னை - திருச்சி பெருவழியில் பேருந்துதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆண்டு ஊதிய உயர்வு போடாமல் விட்டுப்போனாலும், பொது சேமநல நிதியில் முன்பணம் கேட்டாலும், பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி தப்பாக ஏறியிருந்தாலும் திருச்சிக்குத்தான் ஓட வேண்டும். ஒரு நாள் தற்செயல் விடுப்பு, பேருந்துக் கட்டணம், அங்கே போனால் 'சம்பந்தப்பட்ட செக்‌ஷன் ஆள் லீவு' என்ற பதில்.

கிளையின் வேலை அங்கே இருந்துதான் தொடங்கியது. மாதத்தில் ஒருவர் திருச்சிக்குப் போவார். போகிறவர் தன் காகிதத்தோடு மற்றவர்களின் காகிதத்தையும் ஒரு துணிப்பையில் எடுத்துப் போவார். எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வருவார். வந்ததும் வாயிற்கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வார். பேருந்துக் கட்டணத்தைக் கிளை கொடுக்கும். சங்கம் என்றாலே கொடியும் கோஷமும்தான் என்று நினைக்கிற உங்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால், பின்னால் ஒரு நாள் 'வேலைக்குப் போக வேண்டாம்' என்று அதே ஆள் சொன்னபோது மற்றவர்கள் கேட்டதற்குக் காரணம், அவர் எத்தனையோ முறை தங்கள் காகிதத்தைச் சுமந்தவர் என்பதுதான்.

முதல் பாடமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் பொறுப்புக்கு வர ஆசைப்படுகிறவர், பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அடுத்தவருடைய ஓய்வூதியக் கருத்துருவை ஒருமுறை முழுதாகத் தயாரித்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

நாம் தொழிலாளியா?

இந்தக் கேள்வி எங்கள் தலைமுறைக்கு உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்காலி, மின்விசிறி, 'சார்' என்ற அழைப்பு. மூட்டை தூக்குகிறவரோடு நமக்கு என்ன சம்பந்தம் என்ற நினைப்பு எழுத்தருக்கு எப்போதும் உண்டு.

சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதைக் கட்டியவர்கள் பின்னி ஆலையில் நெய்தவர்கள். நம் பழைய திருச்சி மாவட்டத்திலேயே பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஐந்து உயிரைக் கொடுத்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் எழுத்தர்கள் வேடிக்கை பார்த்தவர்களாகவே இருந்தோம் என்று பெரியவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

எழுத்தர்களும் சங்கம் வைத்தார்கள். என்.ஜி.ஜி.ஓ. யூனியன் என்று மூத்தவர்கள் வாயில் வழங்கியது, இன்றைய தமிழ்நாடு அரசு அலுவலர் ஒன்றியம். அந்தச் சங்கம் தன்னைத் தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆட்சி நடத்துகிற வேலையைச் செய்கிறவர்கள் அந்தச் சட்டம் சொல்கிற தொழிலாளி ஆக மாட்டார்கள் என்பது அதன் சாரம். ஆலைத் தொழிலாளிக்கு அன்றைக்கு 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இருந்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அரசு எழுத்தருக்கு அந்த நிழல் இருக்கவில்லை. அவர் சங்கத்தை அரசு அங்கீகரிக்கலாம். வேண்டாம் என்றால் அங்கீகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

1984-இல் தமிழ்நாடு அரசு ஊழியர் சங்கம் உருவானது. எம்.ஆர். அப்பன் அதைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர். அலுவலக உதவியாளரும் ஓட்டுநரும் எழுத்தரும் ஒரே விரிப்பில் உட்கார வேண்டும் என்ற எண்ணம் அதில் வலுவாக இருந்தது. நான் ஒன்றியத்தில் இருந்தேனா, சங்கத்தில் இருந்தேனா என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இரண்டிலும் நல்லவர்கள் இருந்தார்கள். இரண்டிலும் சந்தா கட்டாமல் சலுகை மட்டும் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

'நாம் தொழிலாளியா' என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை எளிது. மாதக் கடைசியில் சம்பளத்தை எதிர்பார்ப்பவர், அதை நிறுத்தும் அதிகாரம் இன்னொருவர் கையில் இருக்கிறவர், தொழிலாளிதான். நாற்காலி அதை மாற்றாது.

விதியைப் படியுங்கள்

வேலையில் சேர்ந்ததும் 1973-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் நடத்தை விதிகளில் எத்தனை பேர் ஒரு பக்கம் படித்தீர்கள்? அதன் 22-ஆம் விதிதான் வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17-ஏ என்றால் சிறு தண்டனைக்கான குறிப்பாணை. 17-பி என்றால் பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டு. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், மெமோ வந்ததும் கை நடுங்கி 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று விளக்கம் எழுதிக் கொடுத்து, செய்யாத தப்பைத் தன் கையெழுத்தாலேயே ஒப்புக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு சங்கம் சேரும் உரிமையைத் தருகிறது. 1962-இல் காமேஷ்வர் பிரசாத் என்ற பீகார்க்காரர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்வதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று சொன்னது. அதே தீர்ப்பில், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்றும் சொன்னது. நாம் மதிய இடைவேளையில் வாயிலில் நின்று முழங்குவதும் கோரிக்கை அட்டை அணிந்து வேலை பார்ப்பதும் இந்தத் தீர்ப்பு விட்டுவைத்த இடத்தில்தான். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்தவர் நடுங்கவும் மாட்டார், வீராப்பும் பேச மாட்டார்.

எங்கள் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. மாதக் கூட்டத்தில் முதல் கால் மணி நேரம் ஒரே ஒரு விதி. ஈட்டிய விடுப்பு ஒரு மாதம், குடும்பப் பாதுகாப்பு நிதி ஒரு மாதம், கருணை அடிப்படை நியமனம் ஒரு மாதம். இளையவர் ஒருவர் படித்து வந்து சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மூத்தவர் திருத்துவார். அந்தக் கால் மணி நேரத்தில் வளர்ந்தவர்களை எந்த மேலதிகாரியும் விதி தெரியாதவர் என்று மிரட்ட முடிந்ததில்லை.

ஜூலை 2003

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985-இல் நடந்த போராட்டத்தையும், ஆளுநர் ஆட்சி நடந்த 1988-இல் ஒரு மாத அளவுக்கு நீண்ட வேலைநிறுத்தத்தையும் பார்த்தவன் நான். மத்திய அரசு ஊழியருக்கு இணையான சம்பளம் என்பது 1988-இன் கோரிக்கை. அந்த வருஷம் ஜூன் 1 முதல் கணக்கிட்டு ஊதியத் திருத்தம் வந்தது. அந்த வெற்றி எங்களுக்குத் தைரியத்தையும் கொடுத்தது, கொஞ்சம் மிதப்பையும் கொடுத்தது. நாம் வேலையை நிறுத்தினால் அரசு நின்றுவிடும் என்று நம்பினோம்.

2003 வந்தது. நிதி நெருக்கடி என்று சொல்லி, சரண் விடுப்பு, போனஸ், ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறும் அளவு என்று ஒவ்வொன்றிலும் அரசு கை வைத்திருந்தது. ஜூலை 2 முதல் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். அது தொடங்குவதற்கு முன்பே இரவோடு இரவாகத் தலைவர்களைக் கைது செய்தார்கள். 2002-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், 'எஸ்மா' என்று எல்லோரும் சொன்னது, தயாராக இருந்தது. ஜூலை 4 அன்று அவசரச் சட்டம் ஒன்றும் வந்தது. விசாரணை இல்லை, விளக்கம் கேட்பது இல்லை, 1.7 லட்சம் பேர் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். அவர்கள் இடத்துக்கு மாதம் 4,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தார்கள். வேலை இல்லாமல் இருந்த பட்டதாரிகள் அதற்கு வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

உயர் நீதிமன்றம் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நிபந்தனை இல்லாத மன்னிப்பு, இனி 22-ஆம் விதிக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழி, இரண்டையும் எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு ஒப்பியது. 6,072 பேர் மட்டும் வெளியில் நின்றார்கள். அவர்கள் விஷயத்தைப் பார்க்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவரை நியமிக்க ஏற்பாடானது. ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு தீர்ப்புச் சொன்னது: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை.

அதே 6.8.2003 தேதியிட்ட நிதித்துறை அரசாணை எண் 259-ஐ உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றது அது. நீங்கள் அப்போது மழலையர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். பலர் பிறந்தேகூட இருக்க மாட்டீர்கள். உங்கள் சம்பளத்தில் மாதம் பத்து சதவீதம் பிடிக்க வழிவகுத்த காகிதம் அன்றைக்கு எழுதப்பட்டது. நாங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இனி வரப்போகிறவருக்காகப் பேச யாரிடமும் மூச்சு மிச்சமில்லை. சங்கம் தோற்றால் அதன் விலையை, அன்றைக்குச் சங்கத்தில் இல்லாதவரும் கட்டுகிறார்.

அடுத்த வருஷம் மே மாதம் மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சி ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. முடிவு வந்த சில நாளில் ஊழியர் மேல் இருந்த நடவடிக்கைகள் எல்லாம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. நீக்கியதும் ஒரு கையெழுத்து. சேர்த்ததும் ஒரு கையெழுத்து.

டீக்கடை சொன்ன தீர்ப்பு

அந்த ஜூலையில் நீதிமன்றத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது டீக்கடைதான். செந்துறையிலும் குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் மக்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. 'ஒரு பட்டா மாறுதலுக்கு எத்தனை நடை நடக்க விட்டாங்க, இப்ப அவங்க நடக்கட்டும்' என்றார்கள். செட்டிகுளத்துப் பக்கம் சின்ன வெங்காயம் போட்டு, விலை கிடைக்காமல் வயலிலேயே விட்டவருக்கு, மாதச் சம்பளக்காரரின் சரண் விடுப்புப் போராட்டம் எப்படிப் புரியும்? அவரிடம் புரியவைக்க நாம் அதற்கு முன் முயன்றதே இல்லை.

ஆனால் எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. முதியோர் உதவித்தொகைப் பிரிவில் இருந்த ஓர் அம்மா. மனுவோடு வருகிற கிழவிகளை உட்கார வைத்துத் தானே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பார். வேலை போயிற்று என்று தெரிந்ததும் அவர் வீட்டுக்குக் கிராமத்திலிருந்து கம்பும் மணிலாக்கொட்டையும் வந்தன. அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக்கூட ஒருவர் பணத்தோடு வந்து நின்றார். அந்த அம்மா ஒரு கூட்டத்திலும் மேடை ஏறியவர் அல்ல. எங்கள் கிளை அந்த மாதம் சேர்த்த மரியாதையில் பெரும் பங்கு அவர் கொண்டுவந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் இராசேந்திர சோழன் வெட்டுவித்த பொன்னேரி இருக்கிறதே, அதன் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்த பிறகு கரையை உயர்த்த முடியாது. குடிமராமத்தைக் கோடையில் செய்திருக்க வேண்டும். மக்கள் ஆதரவும் அப்படித்தான். போராட்டம் அறிவித்த பிறகு துண்டறிக்கை அடித்து அதைச் சம்பாதிக்க முடியாது. மனு வாங்கும் ஒவ்வொரு சாதாரணத் திங்கட்கிழமையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும்.

லஞ்சம் வாங்குகிற ஒருவரைக் கிளை காப்பாற்றினால், அன்றைக்கு மற்ற எல்லோருடைய உரிமையையும் அடகு வைத்தாயிற்று என்று அர்த்தம். பொய்ப் புகாரில் மாட்டியவரை விடாமல் காப்பாற்றுங்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு வழக்கறிஞர் உண்டு, சங்கம் தேவையில்லை.

கடைசி மேசையில் இருப்பவர்

பத்தாயிரத்துக்கு நெருங்கிய சாலைப் பணியாளர்களை 2002-இல் ஒரே வீச்சில் நீக்கினார்கள், 2006-இல் சேர்த்துக்கொண்டார்கள். மக்கள் நலப் பணியாளர்களின் கதை இதைவிடக் கொடியது. ஒரு கட்சி ஆட்சியில் வேலை, மறு கட்சி ஆட்சியில் நீக்கம் என்று 1991, 2001, 2011 என மூன்று முறை அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அரியலூர் மாவட்டத்துக்கு நேர்ந்ததே மனிதர்களுக்கும் நேர்ந்தது. மாவட்டத்துக்குப் பசிக்காது, இவர்களுக்குப் பசித்தது.

இன்றைக்கு உங்கள் அலுவலகத்தைச் சுற்றிப் பாருங்கள். கணினியில் உட்கார்ந்திருப்பவர் ஒப்பந்தம். வாசல் பெருக்குகிறவர் அவுட்சோர்சிங். காவலுக்கு நிற்பவர் ஏஜென்சி. நிரந்தரப் பணியாளருக்கு வரும் அகவிலைப்படியின் அரையாண்டு உயர்வு அவர்களுக்கு வராது. அவர்களுக்குச் சம்பளச் சீட்டு ஒழுங்காக வருகிறதா, சேமநல நிதி பிடித்தம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று கேட்க யாரும் இல்லை. 'அவங்க நம்ம மெம்பர் இல்லையே' என்று சொல்லிவிடுவது எளிது. 1946-இல் பொன்மலையை வேடிக்கை பார்த்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989-இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு அலுவலகத்தின் முகமே மாறியது. ஆனால் செயற்குழுவின் முகம் மாற ரொம்ப நாள் ஆயிற்று. கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு வைத்தால் எந்தத் தாய் வருவாள்? மதிய இடைவேளைக்கு மாற்றிய பிறகுதான் எங்கள் கிளையில் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். பேசத் தொடங்கியதும் முதலில் கேட்டது கழிப்பறை. ஊதியக் குழு பற்றி மணிக்கணக்காக முழங்கிய எங்களுக்கு, தாலுகா அலுவலகத்தில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை இல்லை என்பது அதுவரை ஒரு கோரிக்கையாகவே படவில்லை. மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021-இல் ஒரு வருஷமாகவும் உயர்ந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்தக் குழுவின் தலைவர் யார் என்று நாளைக்கே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் கிளையின் அடுத்த கோரிக்கை அதுதான்.

நோட்டும் கையெழுத்தும்

பொருளாளனாக இருந்தவன் கணக்கைப் பற்றிப் பேசாமல் முடிக்க மாட்டான். ஒரு ரூபாய்ச் சந்தாவானாலும் ரசீது போடுங்கள். தேநீர்ச் செலவையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 2003-இல் சம்பளம் நின்ற வீடுகளுக்கு அரிசி வாங்கப் பணம் வேண்டியிருந்தபோது, ஓய்வு பெற்றவர்களிடம் போய்க் கை நீட்டினோம். கொடுத்தவர்கள் எங்கள் கொள்கையைப் பார்த்துக் கொடுக்கவில்லை. நோட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள். வேலை திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக அந்தக் கடனை அடைத்தோம்.

தீர்மான நோட்டையும் அதே கவனத்தோடு வையுங்கள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் எதிர்த்தார் என்று எழுதுங்கள். எதிர்த்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரு கிளையில் எதிர்த்துப் பேசியவரின் பெயர் நோட்டில் இருக்கிறது என்றால், அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது என்று பொருள். தலைவரைப் புகழ்ந்து நிறைவேறிய தீர்மானம் மட்டுமே இருந்தால், அது கிளை அல்ல, ரசிகர் மன்றம்.

பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு நம் அரியலூரே நாட்டுக்கு ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. ஏறக்குறைய 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் உடைக்கவில்லை. பொறுப்பு அவருடையது. கிளைச் செயலாளர் ஆகிறவர் இதை மனத்தில் வைக்கட்டும். போராட்டம் வென்றால் பெயர் எல்லோருக்கும். 17-பி வந்தால் முதல் உறை செயலாளருக்கு. அதற்குத் தயாராக இல்லாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

இப்போது உங்கள் முறை

2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு பழைய ஓய்வூதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். எனக்குப் பழைய ஓய்வூதியம் வருகிறது. ஆனாலும் வாயிலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள், தங்களுக்குக் கிடைக்காத சம்பளத்தை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்கள். அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட அவர்களில் பலர் இன்றைக்கு இல்லை. உங்களிடம்தான் கட்ட முடியும்.

அரசுகள் மாறும். மாவட்டங்கள் பிரியும், சேரும். ஓய்வூதியத் திட்டத்தின் பெயர் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அரசாணை எண் இருக்கும். அதைப் படியுங்கள், நகல் எடுத்து வையுங்கள், எதிர்க்க வேண்டியதை எதிர்த்து நில்லுங்கள். ஆனால் அதையே உங்கள் பலம் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்து மேசைக்காரரின் பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவைச் சரி செய்து கொடுப்பது, மனுவோடு வந்தவரை அன்றே பதில் சொல்லி அனுப்புவது, ஒப்பந்தப் பணியாளரின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது, சந்தாவுக்கு ரசீது போடுவது: இவற்றுக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். இவற்றை ரத்து செய்ய எந்த அரசாலும் முடியாது.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ எந்த அலுவலகத்தில் இருந்தாலும், எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும், இந்த மாதக் கூட்டத்துக்குப் போங்கள். போகும்போது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.